பதினேழாவது கேள்வி

ஓலு நகரத்தில், துறைமுகச் சாலையில்,
பழைய காகித ஆலையின் இரண்டாம் மாடியில்
என் மேசை.
நிலைத்திருக்க வருகிறவர்களிடம்
நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்பது என் வேலை.
காப்பி இலவசம்.

பெரும்பாலும் சுலபமானவை.
எந்த வயதின் குரல் வேண்டும்?
முழங்கால் வலி ஞாபகத்தில் இருக்கட்டுமா?
இறந்த மனைவியோடு பேசும்போது
அவர் இறந்துவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா?
இதற்கு மட்டும் சிலர் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

பதினேழு:
அச்சம். வைத்துக்கொள்ளலாம், நீக்கலாம்.
யாரும் யோசிப்பதில்லை.
பல் பிடுங்க வந்தவர்கள் போல
நீக்குங்கள், நீக்குங்கள் என்பார்கள்.
சாவுக்குப் பயந்துதானே படியேறினார்கள்;
ஏறிவந்த குதிரையை
வாசலிலேயே சுட்டுவிடச் சொல்வார்கள்.

ஆர்வி இகோனென் மார்ச்சில் வந்தார்.
பனியுடைக்கும் கப்பலில்
முப்பத்தொரு வருடம் எஞ்சின் பார்த்தவர்.
காது மந்தம். கம்பளித் தொப்பியைக்
கோழிக்குஞ்சு போல இரு கையிலும் பிடித்திருந்தார்.

"எவ்வளவு ஆழத்திலிருந்து எடுப்பீர்கள்?"
வேரோடு, என்றேன்.
அப்படிச் சொல்லத்தான் பயிற்சி.

ஒன்பது வயதாம். கடல் உறைந்திருந்ததாம்.
அண்ணன் எஸ்கோ சறுக்குவண்டியோடு முன்னால்.
ஒரு சத்தம்.
துணி கிழிகிற மாதிரி இல்லை,
கதவு மாதிரியும் இல்லை,
பெரிய மிருகம் தூக்கத்தில் புரண்ட மாதிரி.
எஸ்கோ இடுப்புவரை. பிறகு கழுத்துவரை.
பனிவிளிம்பில் ஒரு கையுறை.
எட்டு மீட்டர்.

"குப்புறப் படுத்தேன். ஈரக்குலை நடுங்கியது.
ஊர்ந்தேன்," என்றார்.
"பின்னால் ஊர்ந்தேன்."

நான் எதையும் தட்டச்சு செய்யவில்லை.

"இந்த அச்சத்தை எடுத்துவிட்டாலும்
ஞாபகம் அங்கேதானே இருக்கும்?
அந்தக் கையுறை, அந்த எட்டு மீட்டர்,
விலகிப் போகிற என் முழங்கை.
உள்ளே இருக்கப்போகிறவன்,
பயம் என்றால் என்னவென்றே அறியாதவன்,
ஒருநாள் அதைத் திறந்து பார்ப்பான்.
தன்னைப் பற்றி என்ன நினைப்பான்?
கொலைகாரன் என்றுதானே?"

கையேட்டில் பதில் இல்லை.
அப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள், என்றேன்.

"வைத்துக்கொண்டால்
ஒரு பையன் முடிவே இல்லாமல்
அந்தப் பனிமேல் படுத்துக்கிடப்பான்.
எனக்காவது சாவு இருக்கிறது, அம்மா.
என்றைக்காவது எழுந்து வீட்டுக்குப் போகலாம்."

ஞாபகத்தையே நீக்க
முப்பத்தோராம் கேள்வி இருக்கிறது.
விதிப்படி நான் சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.
வெற்றுக் கட்டத்தை எங்கள் படிவம் ஏற்காது.
திரை ஏழு நிமிடம் காத்திருந்து
அவர் பெயரை அழித்தது.

எனக்கு ஊழியர் சலுகை.
இருபத்தாறு வயதில் இலவசமாகப் பிரதி எடுத்தார்கள்.
பதினேழில், கைப்பேசியில் செருப்பு விலை பார்த்துக்கொண்டே,
நீக்கு என்று தட்டினேன்.
கீழ்த்தளத்தில், ஆற்றுநீர் குளிரூட்டும் ஏதோ அடுக்கில்
அவள் இருக்கிறாள். நலமாக இருக்கிறாள்.
மாதம் ஒருமுறை அறிக்கை வரும்.

அன்று மாலை
உறைந்த ஆற்றைக் குறுக்கே கடந்தேன்.
வழி தெரிய
ஊசியிலைக் கிளைகளை நட்டுவைத்திருந்தார்கள்.
பாதி தூரத்தில்
அது புரண்டது.

நான் எதுவும் நினைக்கவில்லை.
நினைப்பதற்குள்
கால் பின்னால் வந்திருந்தது.

நின்றேன். மூச்சு வெண்மையாய் முகத்தில் மோதியது.
என்னைக் கேட்காமல் என் காலை இழுத்த ஒன்று,
அதன் பெயரை
தினம் எட்டுத் தடவை உரக்க வாசிக்கிறேன்,
பதினெட்டுக்குப் போகிற அவசரத்தில்.

எதிர்க்கரையில் யாரோ நாயைக் கூப்பிட்டார்கள்.
அவளாக இருந்தால்
நடந்துபோயிருப்பாள்.